ஒன்றரைக் கிலோமீற்றர்

இரண்டு நாள், ஒரு இரவு, சாப்பாடும் சேர்த்து
ஆளுக்குப் பதினெட்டாயிரம் என்று
இந்துனில்தான் பேசி முடித்திருந்தான்.
மட்டக்குளியில் ஏறிக் கடுவெல மட்டும் போய்
ஞாயிறு பின்னேரம் திரும்புவதாகத் திட்டம்.
படகில் இரண்டு அறை, ஒரு குசினி,
போன மழைக்கு ஊதிப்போய்
இனிப் பூட்டவே முடியாத கக்கூசுக் கதவு.
உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும்,
அது றிஸ்மியா போட்ட சட்டம்.

பத்து மணிக்குப் புறப்பட்டோம்.
பத்தரைக்கு இயந்திரம் இருமியது.
பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றும் விட்டது.
சுமனபால மூடியைத் திறந்து பார்த்தார்,
மூடினார், சரத்தில் கையைத் துடைத்தார்.
'ஹெட்ட' என்றார்.
நாளைக்கு.
எங்களுக்கென்ன, பழகிய சொல்தான்.
கப்பல் எப்ப வரும் என்று கேட்டவர்களுக்கெல்லாம்
பதினாறு வருடம் கந்தோரில் இருந்து
நாங்களும் அதைத்தானே சொன்னோம்.

கரையோரக் கிண்ணை மரத்தில் கயிறு விழுந்தது.
எதிரே பலகை ஆலை.
இந்தப் பக்கம் லொறி கழுவுகிற இடம்.
கடல் ஏறுகிற நேரம்:
ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று
ஒற்றைச் செருப்பையும் ஒரு கொக்கையும் ஏற்றிக்கொண்டு
எங்களைத் தாண்டி மேலே போனது.
'அதாவது கடுவெலைக்குப் போகுது' என்றான் மெரில்.

முந்நூற்றிநாலுக்கு நாலு பேர் போதும்.
நாங்கள் ஐந்து பேர்.
தோற்கிறவர் எழும்பி நண்டைக் கிளற வேண்டும்.
கௌசிகா வேண்டுமென்றே தோற்றாள் என்று நினைக்கிறேன்;
துரும்பைக் கையில் வைத்துக்கொண்டு
அடுப்பைப் பார்த்தாள்.
கந்தோர் மூடி எட்டு மாதம்.
யாருக்கு வேலை கிடைத்தது என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
நண்டுக்கு உப்புக் காணாது என்று மட்டும்
ஐந்து பேரும் ஐந்து தரம் சொன்னோம்.

இருட்டிய பிறகுதான் கண்டேன்.
மாடி வீடுகள், பதினோராம் தட்டு,
இடமிருந்து மூன்றாவது.
வெளிச்சம்.
'ஐயோ, லைற்றை நிற்பாட்டாமல் வந்திட்டன்.'
'ஆரோ நிக்கினம் போல கிடக்கு' என்றாள் றிஸ்மியா.
உண்மைதான். பல்கனியில் காயப்போட்ட துவாய்
காற்றுக்கு மெல்லத் தோள் திருப்பியது.
ஒவ்வொரு இரவும் அதே இடத்தில் நின்றுதான்
நான் இந்த ஆற்றைப் பார்ப்பேன்,
விளக்கு வைத்த படகுகளில் போகிறவர்கள்
எங்கே போகிறார்களோ என்று
கொஞ்சம் எரிச்சலோடு.
துவாயைப் பார்த்துக் கை காட்டினேன்.
மற்ற நாலு பேரும் காட்டினார்கள்.
கக்கூசுக்குள் இருந்து
மெரிலின் பாட்டு ஒருமுறை நின்று
எல்லோரும் திரும்பியதும் அவசரமாகத் தொடர்ந்தது.
ஆக மூன்று பேர்தான் காட்டியிருப்பார்கள்.

விடியப்புறம் இந்துனில் கத்தினான்:
'போறோம்! போறோம்!'
பாய் தலையணையோடு வெளியே ஓடினோம்.
பலகை ஆலையைக் காணவில்லை.
பாலத்தையும் காணவில்லை.
திரும்பிப் பார்த்தால் இரண்டும் முதுகுப் பக்கம்.
இரவு கடல் வற்றி ஆறு இறங்க,
அதே கயிற்றில், அதே மரத்தில்
படகு சுழன்று மறுபக்கம் பார்த்துக் கிடந்தது.
ஒருவரும் உடனே உள்ளே போகவில்லை.
புதுப் பக்கத்தில் ஒரு கபரகொய்யா
கல்லேறி வெயில் காய்ந்தது.
அதற்கே அரை மணித்தியாலம் போனது.

சுமனபாலவின் மருமகன்
ஓட்டோவில் ஏதோ சாமான் கொண்டுவந்தான்.
ஞாயிறு மூன்று மணிக்கு இயந்திரம் பிடித்தது,
சரியாகத் திரும்புகிற நேரத்துக்கு.
துறைக்கு இறங்கப் பதினெட்டு நிமிடம்.
ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நிமிடம் என்று
கௌசிகா கணக்குச் சொன்னாள்.
நாலு மாதத்துக்கு முதல்
அவள் இப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து, லைற்றை விட்டுவிட்டு
முதலில் பல்கனிக்குத்தான் போனேன்.
துவாய் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.
கீழே எங்கள் படகு,
சுமனபால தனியே நின்று ஓட்ட,
பாலத்தைக் கடந்து
வெகு சுகமாக மேலே போய்க்கொண்டிருந்தது.

இந்துனிலுக்கு அழைப்பெடுத்தேன்.
'இஞ்ச பார்' என்றேன்,
அவனுக்கு எதுவும் தெரியாது என்பதை மறந்து.